மச்சானுக்குச் சதை போட்ட கேமரா

சேசு, மரி, சூசை துணை. அவர்களுக்கு வேலை அதிகமென்றால் தாய்மாமன் நான் இருக்கிறேன்.

நடுக்கடலில் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் அருமை மருமகன் ரெக்சனுக்கு, தூத்துக்குடியிலிருந்து மாமன் தேவபிரசாதம் எழுதுவது. இங்கே உன் அம்மா பிளாரன்ஸ், தங்கை ஜெஸ்லின், அப்பா எல்லாரும் சுகம். அதிலும் உன் அப்பாதான் எல்லாரையும்விடச் சுகம். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று யோசிக்காதே. போன் என்றால் நீ நடுநடுவே கேள்வி கேட்பாய். பக்கத்துத் தெரு செல்வின் கொச்சியில் உன் கப்பலில்தான் ஏறப்போகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ கேட்டது இரண்டு காரியம். ஒன்று, ஜெஸ்லினுக்கு முதல் கேமரா. நம் வசதிக்குள் அடங்குகிற ஒரு டிஎஸ்எல்ஆர். இரண்டு, அதில் எடுக்கிற முதல் படம் அப்பாவாக இருக்க வேண்டும். வீடியோ காலில் முகம் காட்டாமல் ஒளிகிறவரை அந்தப் படத்தில் பார்த்துவிட்டுத்தான், இறங்கி ஊருக்கு வருவதா, ஒப்பந்தத்தை முடிப்பதா என்று முடிவு செய்வேன் என்றாய். உன் அப்பாவோ என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "பாதியில எறங்குனாம்னா கம்பெனிக்காரன் திரும்பக் கூப்பிடுவானாலே? நான் நல்லா இருக்கேன்னு படத்தக் காட்டி அவன அங்கனயே நிப்பாட்டு மாப்ள" என்று பொறுப்பை என் தலையில் வைத்தார். பொறுப்பு யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் உடம்பு விஷயம். வயிற்றுக் கட்டிக்கு நெல்லையில் காட்டினோம் அல்லவா, அந்தப் பெரிய டாக்டர், இனி ஊசி வேண்டாம், இங்கே வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். பத்தியமே கிடையாது! இவ்வளவு சீக்கிரம் பத்தியத்தைத் தூக்கிய டாக்டரை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை. உன் அம்மா ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் தாங்காது அவளுக்கு, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இனி கேமரா. எனக்கு இதில் இருக்கிற ஞானம் உனக்குத் தெரியாது. ஹார்பரில் ஒரு ஜப்பான் கப்பல் கேப்டனே தன் கேமராவை என்னிடம் நீட்டிப் படம் பிடிக்கச் சொல்லி, பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன் என்றால், அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாததால்தான். ஜெஸ்லினைக் கூட்டிக்கொண்டு பஜாரில் ஒரு கடைக்குப் போனேன். அவள் ஒரு புதுக் கேமராவை எடுத்து, தொடங்குகிறவர்களுக்கு இதுதான் தோது, இருபத்துநாலு மெகாபிக்சல், கூடவே லென்ஸும் வருகிறது என்றாள். கடைக்காரரையே ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் மூக்கு மயிரைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. கீழே வைக்கச் சொல்லிவிட்டேன்.

"ஏன் மாமா? தெளிவாத் தெரியத்தான கேமரா வாங்குதோம்?"

"ஏளா, உங்கப்பா தெளிவாத் தெரிஞ்சா உங்கண்ணன் எறங்கி வந்துருவாம்லா" என்றேன். அவளே அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள்.

அங்கிருந்து நேரே மாப்பிள்ளையூரணி, கல்யாண போட்டோகிராபர் பாண்டியராஜ் வீடு. இப்போது எல்லாரும் மிர்ரர்லெஸ் என்கிற புது ரகக் கேமரா பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆரைச் சீந்த ஆளில்லை. அவர் பீரோவுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தார். கல்லு மாதிரிக் கனம். மெகாபிக்சல் பாதிதான். "ஷட்டர் நெறைய அடிச்சிருக்கு அண்ணாச்சி, சொல்லிட்டேன். பெறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார். காதில் வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். ஓடிப் பழகிய இன்ஜின்தான் நடுவழியில் நிற்காது. முப்பது வருஷமாகப் படகுகளின் அவுட்போர்டு இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இதுகூடவா தெரியாது? அதைத்தான் முடித்தேன். ஜெஸ்லின் மெதுவாக, இந்த லென்ஸ் நிழலில் எடுக்காது, வெளிச்சத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள். கடற்கரையில் இல்லாத வெளிச்சமா?

உன் அப்பாவுக்கு அன்று நடந்த அலங்காரம் அவர் கல்யாணத்துக்குக்கூட நடக்கவில்லை. இரண்டு பனியன், அதன் மேல் இடுப்பைச் சுற்றித் துவாலை, அதற்கு மேல் சட்டை. கழுத்துப் பட்டையைப் பின்னால் இழுத்துத் துணி கிளிப் மாட்டினோம். வாட்ச் முழங்கை வரை ஓடியதால் உள்ளே காகிதம் மடித்து வைத்தோம். கன்னம் மட்டும்தான் இடித்தது. என் மூளைக்கு அது ஒரு வேலையா? பெட்டிக்கடையில் நம்மூர் முந்திரி மக்ரூன் வாங்கி, கன்னத்துக்கு ஒன்றாக உள்ளே அதக்கிவிட்டேன். பார்த்தால் நம் கோயில் பங்குச்சாமி மாதிரி ஆகிவிட்டார்.

பின்னால் கப்பல் தெரிய வேண்டும் என்று அவர் சொன்னதால் ஆட்டோவில் ஏற்றி, அலை ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். ஜெஸ்லின் முட்டி போட்டு எதையோ திருகினாள், திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள். திடீரென்று உன் அப்பா வாயைத் திறக்காமலே கத்துகிறார்: "ஏளா, கரையுதுளா! சீக்கிரம் எடு, ஒரு கன்னம் போச்சி!"

உன் அம்மா சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்கப்புறம் சிரிக்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஜெஸ்லின் அமுக்கினாள். அப்போதே ஒரு அலை வந்து அவளையும் கேமராவையும் சேர்த்து நனைத்தது. மக்ரூன் கரைந்து உள்ளே போய்விட்டது. அன்று அவர் வயிற்றில் தங்கியது அது ஒன்றுதான், ஆகவே நன்றாகச் சாப்பிடுகிறார் என்று உனக்கு நான் தாராளமாக எழுதலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஜெஸ்லின் மெமரி கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினாள். நான் என் கடமையைச் செய்தேன். உப்புத் தண்ணீர் பட்ட இன்ஜினை நல்ல தண்ணீரில் அலசாமல் வைக்கிறவன் நம் கடற்கரையில் எங்காவது உண்டா? பக்கெட்டில் முக்கி நன்றாக அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகு அது கண் திறக்கவில்லை. பாண்டியராஜிடம் கொண்டுபோனால் மனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க அலசுனது கேமராவா, கணவா மீனா?" என்கிறார். தண்ணீரில் அலசத் தாங்காத சாமானைச் செய்தது கம்பெனிக்காரன் தப்பு. ஜெஸ்லின் அரிசிப் பானைக்குள் அதைப் புதைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

போகட்டும், படம் தப்பிவிட்டது. முதல் படமும் அதுதான், கடைசிப் படமும் அதுதான், ஆனால் என்ன படம்! கன்னம் உப்பி, பல் தெரியச் சிரித்து, பின்னால் கப்பலோடு உன் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இந்த ஆள் உன்னைக் கட்டித் தூக்குவார் என்று யாரும் சொல்வார்கள். ஸ்டுடியோக்காரரே, "சார் ஜிம்முக்குப் போறாரா?" என்று கேட்டதாகக் கேள்வி. இத்துடன் வைத்திருக்கிறேன், கண்குளிரப் பார். பார்த்துவிட்டு, இறங்குகிற எண்ணத்தை அங்கேயே கடலில் போட்டுவிட்டு, ஒப்பந்தத்தை முடித்து, மெதுவாக வா. இங்கே உனக்கு அவசரமாக ஒரு வேலையும் இல்லை.

பனிமய மாதா உன்னை அலையிலும் காற்றிலும் காப்பாளாக. உன் அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். கேப்டனுக்கு என் வணக்கத்தைச் சொல், இன்ஜினில் சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கச் சொல்.

இப்படிக்கு, உன் தாய்மாமன்,
தேவபிரசாதம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் படத்தை உன் அப்பாவிடம் காட்டினேன். ரெண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் வந்துருக்கு மாப்ள" என்றார். நான், பின்னே என்ன மச்சான், தேர்ந்தெடுத்தது யாரு என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இதப் பாத்தா அவன் வரமாட்டான்லாலே" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செல்வின் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறான். மேலே எழுதியதைத் திருப்பி எழுத நேரமில்லை, அதை நீ படிக்காததாக வைத்துக்கொள். உறைக்குள் படம் இல்லை. அதை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், கேட்டால் தரமாட்டேன் என்கிறார். நீயே வந்து வாங்கிக்கொள்.