இரண்டு பக்கமும் சுண்டல்

காபி ஆறட்டும் என்று காத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காபியில் அலை அடங்கட்டும் என்று காத்திருந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் காரைக்குடியில், எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்.

தெருவுக்கு அவர் 'அடங்கட்டும் சார்'. எதற்கும் அந்த ஒரு வார்த்தைதான். ஆட்டோ நின்றால் உடனே இறங்க மாட்டார். வண்டியின் நடுக்கம் அடங்க வேண்டும். கேட்டைச் சாத்தினால் அது ஆடி ஓயும்வரை பக்கத்திலேயே நிற்பார். ஒரு நாள் என் மனைவி வள்ளி மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"ஏங்க, சாம்பார ஊத்திட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு அந்த மனுசன். யாராச்சும் செய்வினை வச்சிருப்பாகளோ?"

நானும் யோசிக்காமல் ஓடிப்போய், பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அவர் நெற்றி நிறைய விபூதியைப் பூசிவிட்டேன். அவர் சாம்பாரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிண்ணத்த ஆட்டிட்டீகளேண்ணே. மறுபடி அடங்கட்டும்" என்றார்.

சாருக்கு நெற்குப்பைதான் சொந்த ஊர். வேலை பெங்களூர்க் கம்பெனியில். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். நெற்குப்பை வீட்டில் நெட் நிற்காததால் எங்கள் மாடிக்கு வந்தார். அப்படி என்ன வேலை என்று கேட்டேன். நான் பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் என்று தெரிந்தும் பொறுமையாகச் சொன்னார்.

"கம்பியில வர்ற சிக்னல எண்ணா மாத்த ஒரு சிப்பு இருக்குண்ணே. ஒரு நொடிக்குள்ள கோடிக்கணக்கான தடவ கண்ணத் தொறந்து தொறந்து பாக்கும். தொறக்கிறப்பல்லாம் வாசல்ல நிக்கிற சிக்னல ஒரு இடி இடிக்கும். அடுத்த தடவ தொறக்குறதுக்குள்ள அந்த ஆட்டம் அடங்கணும். அடங்கலையா, எண்ணு தப்பாயிரும். அந்த வாசலக் கட்டுறதுதான் என் வேல."

"அப்ப கொத்தனார் வேலதானே சார்?"

"கிட்டத்தட்ட" என்றார். நல்ல மனிதர்.

எனக்கும் ஒரு வாசல் உண்டு. எங்கள் தெருப் பிள்ளையார் கோவிலில் சதுர்த்தியன்று வரிசைக்கு முன்னால் கயிறு பிடிப்பது என் பொறுப்பு. எனக்குப் பாட வராது, மந்திரம் தெரியாது, அள்ளிக் கொடுக்க வசதியும் கிடையாது. சாமிக்கு நான் செய்கிற ஒரே தொண்டு அந்தக் கயிறுதான். அதிலும் ஒரு சதுர்த்தியில், திரை விலகியதும் கூட்டம் முட்டியதில், கயிறும் கையுமாகக் குருக்கள் மேலேயே போய் விழுந்தேன். தட்டிலிருந்த விபூதி முழுவதும் என் தலையில். பிள்ளையாருக்கு முடிந்து இவனுக்கு அபிஷேகம் ஆரம்பித்துவிட்டது என்று தெருவே சிரித்தது.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் கயிற்றை என் சகலையிடம் கொடுத்துவிடுவோம் என்று கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார். சகலை அன்று சாயங்காலமே புதுக்கயிறு வாங்கிவிட்டார்.

அடுத்த சதுர்த்தி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் போய், அழாத குறையாகச் சாரிடம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணே, இது அப்படியே என் சிப்புதான்!"

ஒரு வரிசையை இரண்டாக்கினார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே நீளம். ஒவ்வொன்றிலும் வாசலுக்கு முன்னால் ஒரே ஆள் நுழைகிற இடுக்கு. இடுக்கைத் தாண்டினால் பத்துப் பேர் நிம்மதியாக நிற்கிற மாதிரி மூங்கில் கட்டிய ஒரு சின்னக் கட்டம். திரை விலகினால் கட்டத்தில் நிற்பவர்கள் மட்டும் உள்ளே போவார்கள். இடி அங்கேயே அடங்கிவிடும், பின்னால் போகாது.

"ரெண்டு வரிச எதுக்கு சார்?"

"சிப்புலயும் ரெண்டு கம்பிண்ணே, அதுக ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தத்தான் அது பாக்கும். வெளித் தொந்தரவு ரெண்டையும் ஒண்ணா ஆட்டுனா கவலையில்லண்ணே. ஒண்ண மட்டும் ஆட்டுனாத்தான் வம்பு."

சதுர்த்தியன்று அதைக் கண்ணால் பார்த்தேன். யாரோ சரவெடி கொளுத்தினார்கள். இரண்டு வரிசையும் ஒரே மாதிரி துள்ளி, ஒரே மாதிரி அடங்கின. திரை விலக விலகப் பத்துப் பத்துப் பேராகப் போய்க் கும்பிட்டார்கள். குருக்கள் கைத் தட்டு ஆடவில்லை. சகலையின் முகம் தொங்கிப்போனது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். பாவம், ஜனங்கள் பசியோடு நிற்கிறார்களே என்று மனம் இளகி, சுண்டல் அண்டாவை வலது வரிசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். புண்ணியம் என்றுதான் நினைத்தேன். இடது வரிசை அப்படியே வலப்பக்கம் சாய்ந்தது. மூங்கில் முறிந்தது. கயிறு என் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. அனுபவப்பட்ட குருக்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கூட்டம் அடங்கட்டும், உள்ளே போகலாம் என்று காலையிலிருந்து வாசலுக்கு வெளியே நின்றிருந்த சார் அலறினார்.

"அண்ணே, ஒரு பக்கம் மட்டும் வைக்காதீக! ரெண்டு பக்கமும் வைங்க!"

சொன்னதோடு நிற்கவில்லை. பாதிச் சுண்டலை வாளியில் அள்ளிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். வலப்பக்கம் வள்ளி ஒரு கரண்டி போட்டால் இடப்பக்கம் அவரும் ஒரு கரண்டி. சாய்ந்த வரிசை மெல்ல நிமிர்ந்தது. நடை சாத்துகிறவரை அவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. கயிறு என் கையிலேயே தங்கியது.

"சாமி பாத்தீகளா சார்?" என்று கேட்டேன்.

வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்கிட்டுண்ணே? கூட்டம் அடங்கட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அதற்குள், சிப்புக்காக அவர் கட்டிய வாசல் நன்றாக வேலை செய்ததாம். கம்பெனி பெங்களூருக்கே கூப்பிட்டுக்கொண்டது. நானும் வள்ளியும் பஸ் ஏற்றிவிட்டோம். பஸ் குலுங்கிக் கிளம்பி, ஆட்டமெல்லாம் ஓய்ந்து நேராக ஓடத் தொடங்கிய பிறகுதான் ஜன்னலில் அவர் கை தெரிந்தது.

இந்தச் சதுர்த்திக்கும் நான்தான் கயிறு பிடித்தேன். இடப்பக்கக் கட்டத்தில், பிள்ளையார் நன்றாகத் தெரிகிற மூலையில், ஓர் ஆள் நிற்கிற இடத்தை மட்டும் கடைசிவரை காலியாக வைத்திருந்தேன்.

"யாருக்கு சகல இது? மந்திரி வாராரா?" என்று என் சகலை கிண்டல் செய்தார்.

வலப்பக்கக் கட்டத்திலும் அதே மாதிரி ஓர் ஆள் இடம் விட்டேன். இல்லையென்றால், சார் வந்ததும் திட்டுவார்.