ஏழாவது நொடியில் என் மாமனார்

பெண் வீட்டார் வீடு பார்க்க வரும் நாளில் மாப்பிள்ளை செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். தலையைச் சீவிக்கொண்டு, வேட்டி அவிழாமல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எத்தனையோ பேர் இதைப் பிழையில்லாமல் செய்து முடித்துப் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறார்கள். என்னால்தான் முடியவில்லை. காரணம், எனக்கு அப்போது மூளை கொஞ்சம் அதிகம். (இந்த வரியைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.)

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியில் உட்கார்ந்து மோஷன் கிராபிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். கல்யாண அழைப்பிதழ் வீடியோவில் பெயர்கள் பறந்து வந்து உட்காருமே, விளம்பரத்தில் வளையல் சுழன்று சுழன்று எழுத்தாக மாறுமே, அந்த வேலை. வருமானம் வந்தது. மரியாதைதான் வரவில்லை. தரகர் என் ஜாதகத்தை எங்கே கொண்டுபோனாலும், "மாப்பிள்ளை எங்க வேலை பாக்காரு?" என்பார்கள். "வீட்டுல" என்பார் தரகர். "வீட்டுல என்ன வேலை?" என்ற அடுத்த கேள்வியோடு ஜாதகம் திரும்பி வந்துவிடும். ஐந்து இடம் அப்படித் தட்டிப் போயிற்று.

ஆறாவது இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். பெண் பெயர் கோமதி, ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது பதற்றத்தில் காபி டம்ளரை என் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு துணியை எடுத்து வந்து என் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சு இல்லை. ஆனாலும் கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் அய்யனார் கோவில் மலையில் ஏறி உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய அப்பா அருணாசலம் பம்ப்செட் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க செய்யுத வேலை எனக்குப் புரியலை. ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வாரோம்லா, அப்பம் செத்த காட்டுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். ஆக, என் கல்யாணம் அந்த ஒரு காட்டலில்தான் தொங்கியது.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். புதுக் கம்ப்யூட்டர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மதுரையில் சொல்லிச் சேர்த்து வாங்கியது. உள்ளே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு. விலையில் பாதி அதற்குத்தான் போனது. எத்தனை பாரமான வேலையைக் கொடுத்தாலும் தண்ணீர் மாதிரி ஓடும். சரி, வருகிறவரையே படமாக வைத்து ஒரு வரவேற்புச் செய்துவிடுவோம் என்று நினைத்தேன். நினைத்தபோது என்னை யாராவது கட்டிப் போட்டிருக்கலாம்.

திட்டம் இதுதான். அவருடைய வாட்ஸ்அப் படம் கறுப்பு வெள்ளையில் மெதுவாக எழும்பி வரும். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியும். மேலிருந்து ஒரு ரோஜா மாலை வந்து விழும். உடனே படம் கலராக மாறும், மாலை உதிர்ந்து இதழ் இதழாகப் பறந்து 'வருக வருக' என்று எழுத்தாகும். மொத்தம் பதினைந்து நொடி. விளக்கு மங்கலம், மாலை மரியாதை, கறுப்பு வெள்ளை கலை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது.

புதன்கிழமை அம்மா ஆரம்பித்தாள். "ஏலே, பொண்ணோட அப்பாவுக்கு முட்டுவலி, மாடி ஏற மாட்டாவ. பெட்டிய ஹாலுக்குக் கொண்டா. கிழக்க பாத்து வையி."

கொண்டுவந்தேன். கிழக்குப் பார்த்து மேஜை, அதன் மேல் மானிட்டர், கீழே தரையில் பெட்டி. எல்லா ஒயரையும் நானே சொருகினேன். அன்று சாயங்காலம் செய்ததை ஓட்டிப் பார்த்தால், அதாவது பிரிவியூ போட்டால், ஏழாவது நொடியில் படம் அப்படியே நின்றுவிட்டது. மவுஸ் அசையவில்லை. ஒரு நிமிஷம் கழித்து மூச்சு வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ஏழாவது நொடி.

அடுத்த மூன்று நாள் நான் செய்த வைத்தியத்தைச் சொன்னால் டாக்டர்களே என்னைக் கும்பிடுவார்கள். மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். தேங்கிக் கிடந்த தற்காலிகக் கோப்புகளையெல்லாம் துடைத்தேன். மெமரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துச் சொருகினேன். யூடியூபில் யார் யாரோ இந்தியில் சொன்னதையெல்லாம் இந்தி தெரியாமலே செய்தேன். கடைசியில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்த மதுரைக்காரருக்குப் போன் போட்டு, ஏமாற்றிவிட்டாய் என்று கத்தினேன். பாவம், அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கேபிள் எல்லாம் கரெக்டா இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டீங்களா சார்?"

"யோவ், நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று போனை வைத்தேன். அந்த இரண்டு விநாடி திமிருக்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

அம்மா பெட்டிக்குத் திருஷ்டி என்று சொல்லி மேலே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். வெள்ளிக்கிழமை அதைத் தூக்கி எறிந்துவிட்டு மூடநம்பிக்கையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். சனிக்கிழமை சாயங்காலம், "எம்மா, அந்தப் பழம் எங்க கெடக்கு?" என்று நானே தேடிக்கொண்டிருந்தேன்.

பழத்தாலோ, படத்தின் தரத்தைக் கால்வாசியாகக் குறைத்ததாலோ, அன்றைக்கு மூன்று தடவை ஓட்டியதில் இரண்டு தடவை முழுசாக ஓடியது. எனக்கு அது போதுமாக இருந்தது. (ஒழுங்காக வீடியோவாக எடுத்துப் போனில் வைத்திருந்தால் தீர்ந்தது. நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். ஆனால் மென்பொருளைத் திறந்து, திரை நிறையக் கிடக்கும் அந்த நூறு அடுக்கையும் கோடுகளையும் காட்டி, 'இம்புட்டு வேலையா தம்பி!' என்று அவர் வாயைப் பிளக்க வேண்டும் என்பது என் ஆசை.)

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். அருணாசலம், அவர் மனைவி, அருணாசலத்தின் அக்கா சுப்பம்மாள். சகுனம் பார்ப்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் இல்லை என்று தரகர் முன்னமே எச்சரித்திருந்தார். கோமதிக்கு அன்றைக்கும் டூட்டி. அதனால் அவளுடைய அம்மா வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டு, போனைக் கையில் ஏந்தியபடி வீட்டைச் சுற்றிக் காட்டினார். "இங்க பாரு கோமு, அடுக்களை நல்லா வெளிச்சமா இருக்கு. கெணத்துல தண்ணியும் கெடக்கு."

எல்லோரும் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா காபி கலக்கப் போனாள். பெண் வீட்டார் அதை வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு (அதை இங்கே எழுத என் சுயமரியாதை இடம் கொடுக்கவில்லை) பொத்தானை அழுத்தினேன்.

கறுப்பு வெள்ளையில் அருணாசலம் எழும்பினார். குத்துவிளக்கு இரண்டும் எரிந்தன. மாலை வந்து கழுத்தில் விழுந்தது.

நின்றுவிட்டது.

முதல் விநாடி யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாவது விநாடி எனக்கு விளங்கியது. சிரிக்காத முகம், கறுப்பு வெள்ளை, கழுத்தில் மாலை, பக்கத்தில் விளக்கு. கீழே பிறந்த தேதியும் இன்னொரு தேதியும் மட்டும்தான் பாக்கி.

"ஐயய்யோ!" என்று சுப்பம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்க எந்தம்பிக்கு வெளக்கேத்தி மாலையப் போட்டுட்டானே பாவி!"

நான் மவுஸை இடித்தேன். கீபோர்டில் எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பாய்ந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை, யுபிஎஸ் இருக்கிறதே! கரண்ட் போன துக்கத்தில் அது 'பீப்... பீப்...' என்று கத்த ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டத்தில் கேட்குமே, அச்சு அசல் அதே சத்தம். இனி மறைத்தாவது விடுவோம் என்று என் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டேன். அது வெள்ளைத் துண்டு.

"துணியும் போத்திட்டான்!" என்றார் சுப்பம்மாள். "எந்திரி அருணாசலம். இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கப்புடாது. எந்திரி."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அம்மா காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஐந்து இடம் தட்டிப் போனபோதெல்லாம், "போனாப் போவுது" என்று சொன்னவன் நான். இப்போது அழுகை வந்துவிட்டது. உண்மையாகவே வந்துவிட்டது.

அருணாசலம் வாசலுக்குப் போகாமல் திரையின் முன்னால் வந்து நின்றார். துண்டை விலக்கினார். தன்னைத்தானே நன்றாக ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் போயி எம்புட்டு நாளாச்சு தம்பி?" என்று கேட்டார்.

கோபமா கேலியா என்று தெரியவில்லை. அப்போது பெண்ணின் அம்மா கையிலிருந்த போன் பேசியது.

"எம்மா, போனை அப்பாட்ட குடுங்க. எப்பா, அவியட்ட கேளுங்க. அந்த மானிட்டர் கேபிளைப் பெட்டியில எங்க சொருகியிருக்காவ?"

நான் போனைப் பார்க்காமல் மேலே மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்கான்னு கேக்கலப்பா. எங்க இருக்குன்னு கேட்டேன்."

அருணாசலம் முட்டுவலியோடு தரையில் மண்டியிட்டு, பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டார். "மேல நிக்குத ஓட்டையில சொருகியிருக்கு, கோமு."

"கீழ படுத்தாப்புல ஓட்டைங்க இருக்கா?"

"இருக்கு. எல்லாம் சும்மா கெடக்கு."

"அதுதான் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரை அதுலதான் குடுக்கணும். மேல உள்ளது சாதா. எங்க சென்டர்லயும் ஒருக்க இப்படி மாத்திக் குடுத்து அரை நாள் நின்னு நின்னு வந்துச்சு."

அருணாசலம் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். "அப்பம் பத்து எச்.பி. மோட்டாரை வாங்கி வச்சிக்கிட்டு, நீங்க வாளியால இறைச்சிருக்கிய."

ஆமாம். மாடியில் பெட்டி மேஜை மேல் இருந்தது, கேபிள் எட்டியது. ஹாலில் தரையில் வைத்ததும் கீழ் ஓட்டைக்கு ஒரு சாண் எட்டவில்லை. மேலே இன்னொரு ஓட்டை அதே வடிவத்தில் இருந்தது. எட்டிய ஓட்டையில் சொருகிவிட்டு மூன்று நாள் ஊரையே திட்டியிருக்கிறேன்.

கேபிள் எட்டவில்லை என்று மெல்லிய குரலில் சொன்னேன். அவர் பெட்டியின் பக்கம் குனிந்தார். பம்ப்செட்டைத் தூக்கிப் பழகிய கை. பெட்டியை அப்படியே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சொருகுங்க" என்றார். சொருகினேன். சுவர் பிளக்கை மாட்டி, கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்து, மென்பொருள் திறந்து வருகிற வரைக்கும், என் வருங்கால மாமனார் என் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். சுப்பம்மாள் வாசல்படியில் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றார். கால்வாசித் தரத்தை முழுசாக மாற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

கறுப்பு வெள்ளை. விளக்கு. மாலை. அம்மா, "அய்யனாரப்பா" என்றது கேட்டது.

"கலரு வந்துட்டு!" என்றது போனில் கோமதியின் குரல்.

கண்ணைத் திறந்தேன். திரையில் அருணாசலம் பளபளவென்று இருந்தார். மாலை உதிர்ந்தது. இதழ்கள் ஒன்றுகூடத் தடைபடாமல் பறந்து வந்து 'வருக வருக' என்று உட்கார்ந்தன. அவர் அதைக் கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தார். "இன்னொருக்க போடுங்க" என்றார். மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை, பெட்டியைக் கீழே வைக்காமலே, "காபி ஆறிட்டா?" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

அம்மா ஓடினாள். சுப்பம்மாள் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து, "கல்யாணத்துல எவரு படத்தையும் பெரிய திரையில போடப்புடாது. அதுக்குச் சம்மதம்னா நான் காபி குடிக்கேன்" என்றார். எங்கள் கல்யாணத்தில் மண்டபத்துத் திரை முழுக்க வெறும் மயில்தான் ஆடியது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படம் நின்று நான் மவுஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கோமதி வீடியோ காலில் இருந்தபடியே மாலையோடு நின்ற அப்பாவை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறாள். அதைக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்பாவுக்கு அனுப்ப, அவர் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் கட்டி, கடையில் தன் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டிவிட்டார். கலரில் சிரிக்கிற மாதிரி நல்லதாக ஒன்று செய்து தருகிறேன் என்று எத்தனையோ முறை கெஞ்சிவிட்டேன். "அது எல்லாக் கடையிலயும் இருக்கும் மாப்ள" என்கிறார். சுப்பம்மாள் பெரியம்மா வரும்போதெல்லாம் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறார். அவர் படி இறங்கியதும் மாமா திருப்பி மாட்டிவிடுகிறார்.

போன மாதம் பிளவக்கல் பக்கத்திலிருந்து புதிதாக ஒருவர் மோட்டார் வாங்க வந்திருக்கிறார். மாமா உள்ளே குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தாராம். வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, பாவம் நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிப் போட்டு, கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். கண்ணைத் திறந்தால் படத்துக்கு நேர் கீழே அதே முகம். "நாந்தான். ஒக்காருங்க, என்ன மோட்டாரு பாக்கிய?" என்று கேட்டிருக்கிறார் மாமா.

அந்தச் செருப்பு இன்னும் கடை வாசலில்தான் கிடக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.