சனிக்கிழமை பிறந்த அஜோவா

சுவாமே, குமாசி.

மரியாதைக்குரிய மைத்துனர் ஒப்போங் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் அடுசெய் பணிவுடன் எழுதுவது. இங்கே கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். அக்ராவில் தாங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். மூட்டிவிட்டுத் தூர உட்கார்ந்திருப்பவருக்கு என்ன குறைச்சல்!

நம் பெண் அஜோவா பதினைந்து வருஷமாக அடுத்தவன் பட்டறையில் வெல்டிங் செய்கிறாள். இந்தத் தெருவில் பாதி இரும்புக் கேட் அவள் கைவேலை, பேர் மட்டும் முதலாளிக்கு. சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் இளைஞர் தொழில் திட்டத்தில் மனுப் போட்டோம். அப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று. மூன்று வருஷம் அந்த மனு அவர்கள் மேஜையில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, போன மாதம் எழுந்து, "முப்பத்தஞ்சு தாண்டிருச்சே, நீங்க இளைஞர் இல்லையே" என்கிறது. அடப்பாவிகளா, மனுப் போட்டப்ப இளசுதானேடா, கிழவியாக்கினது உங்க மேஜைதானே!

அப்போதுதான் தாங்கள் போனில் அந்த அருமையான யோசனையைச் சொன்னீர்கள். "நாலு வயசைக் குறைச்சுப் புது மனுப் போடுங்க மாப்ளே, எவன் கேக்கப் போறான்?" நானும் மாதத்தையும் தேதியையும் அப்படியே விட்டுவிட்டு வருஷத்தை மட்டும் மாற்றினேன். அதிகாரி ஆன்ட்வி நேற்று எங்களைக் கூப்பிட்டார். டை கட்டின பொடியன், ஆனால் நம்ம ஆள், பிறந்த கிழமையை வைத்துப் பேர் வைக்கிற நம் வழக்கம் தெரிந்தவர். மனுவைப் பார்த்தார், போனில் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஐயா, இந்தத் தேதி சனிக்கிழமை. சனிக்கிழமை பொறந்தா 'அமா'ன்னுல்ல பேரு? திங்கக்கிழமை பொறந்தவதானே அஜோவா?"

"சனிக்கிழமை வலி எடுத்துச்சு தம்பி, திங்கக்கிழமைதான் பொறந்தா" என்றேன்.

"அப்ப திங்கக்கிழமைத் தேதியில்ல எழுதணும்?"

வரிசையே சிரித்தது. வாசலில் கென்கே சோள உருண்டை விற்கிறவள், "பெருசு, பொய் சொல்றதுதான் சொல்றீங்க, காலண்டரைப் பாத்துச் சொல்லப்படாதா?" என்று கத்துகிறாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேஜையில் ஓங்கித் தட்டி, "என் தலையே போனாலும் எம்பொண்ணுக்கு முப்பத்திரண்டுதான்!" என்று சத்தம் போட்டேன். அந்தப் பொடியன் அசரவில்லை. "அப்பன் வாக்கு இதுல எடுபடாது. பிள்ளை தாய்வழிக்காரங்களோடது. தாய்மாமனை வந்து சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார். பெற்றுச் சோறு போட்டவன் நான், சாட்சிக்கு மட்டும் நீங்கள்!

திரும்பும்போது அஜோவா, "மெஷினும் போச்சு, மானமும் போச்சுப்பா. இனி அந்தாளு பட்டறைலயே கிடந்து சாக வேண்டியதுதான்" என்று நடுரோட்டில் அழுதாள். கம்பியும் தகடும் தோளில் சுமக்கிற பெண் அழுதால் பார்க்க முடியவில்லை மச்சான். ஆகவே வெள்ளிக்கிழமை வந்து, இவளுக்கு முப்பத்திரண்டுதான் என்று சத்தியம் செய்துவிட்டுப் போகவும். கிழமை இடித்தால் செத்துப்போன அத்தையின் பேரை வைத்தோம் என்று சொல்லவும். வராவிட்டால் தங்களுக்கும் எனக்கும் உறவு அற்றது.

தங்கள் வீட்டு உரலில் ஃபுஃபு இடிக்கும் சத்தம் ஓயாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
அடுசெய்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆன்ட்வி போன் செய்தார். பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். மாதச் சம்பளம், மாலையில் சொந்த வேலைக்கு மெஷினையும் எடுத்துக்கொள்ளலாமாம். அஜோவாவின் கைவேலையைப் பார்த்திருக்கிறாராம். ஆனால் வயது முப்பத்தைந்து முடிந்திருக்க வேண்டும். "உங்க பொண்ணுக்கு முப்பத்திரண்டுன்னு மேஜையைத் தட்டினீங்களே ஐயா" என்கிறார். நான் இப்போது உண்மையைக் கத்தினாலும் அவர் நம்புவதாக இல்லை, தாய்மாமன்தான் வேண்டுமாம். மச்சான், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் கடிதம் கிடைத்ததுமே முதல் பஸ் ஏறி வந்து, இவளுக்கு முப்பத்தாறு, இவள் அப்பன் பொய்யன் என்று சத்தியம் செய்யுங்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுகிறேன்.