சுல்தானாவும் பச்சைத் தொட்டியும்

எங்கள் ஆரம்பப் பள்ளியில் குப்பை கிடையாது. அது எவ்வளவு பெரிய குற்றம் என்பது கைரவான் கல்வி அலுவலகத்திலிருந்து பச்சைத் தொட்டி வந்த பிறகுதான் தெரிந்தது.

சாப்பாட்டு மிச்சத்தை அதில் போட்டு உரமாக்க வேண்டும். மாதம் இருபது கிலோ. உத்தரவு. முதல் மாதமே மேற்பார்வையாளர் முந்திர் வந்து தொட்டிக்குள் தலையை விட்டார்.

"என்னய்யா, காலியா கிடக்கு?"

நான் வாசல் காவல்காரன். உள்ளதைச் சொன்னேன்.

"தோலெல்லாம் என் வெள்ளாடு தின்னுரும் சார். ரொட்டியைப் பிள்ளைங்க குப்பையில போடாது. பாவம்னு முத்தம் கொடுத்து மதில் மேல வைக்கும். அதையும் ஆடு தின்னுரும்."

"ஆட்டுக்கு அனுமதி இருக்கா?"

"பசி இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் கடிதம் வந்தது: 'அரசுக் கழிவை முன் அனுமதியின்றி உட்கொண்டுவரும் சுல்தானா என்னும் ஆடு பள்ளி எல்லையிலிருந்து உடனே அப்புறப்படுத்தப்பட வேண்டும். மீண்டும் உள்ளே தென்பட்டால் காவல்காரரும் உடன் அப்புறப்படுத்தப்படுவார்.'

பன்னிரண்டு வருஷ வேலை. சுல்தானாவை மதிலுக்கு வெளியே கட்டினேன்.

அப்புறமும் தொட்டியில் விழுந்தது ரெண்டு கை ஆரஞ்சுத் தோல்தான். மூன்றாம் மாதம் தலைமையாசிரியை நஜாத் பயந்துபோய்த் தாய்மார்களுக்குச் சீட்டு அனுப்பினார்: 'வியாழனன்று வீட்டுக் கழிவு கொடுத்தனுப்பவும். அதிகாரி பார்வையிடுவார்.'

கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. அதிகாரி கண்ணில் படுவதை எங்கள் ஊர்ப் பெண்கள் ஏனோதானோவென்று அனுப்புவார்களா? தொட்டிக்குப் பக்கத்தில் பானை பானையாகக் கோதுமைக் கூஸ்கூஸ் சோறு வந்து இறங்கியது. மேலே செம்மறிக் கறி.

"இது கழிவாம்மா?" என்று பானையோடு வந்த தாய் மன்னூபியாவைக் கேட்டேன்.

"பின்னே? எதிர்வீட்டுக்காரி கோழி வச்சு அனுப்பியிருக்கா. எங்க வீட்டுக் கழிவு மட்டும் மட்டமா ஹாஜியாரே?"

முந்திர் வந்தார். ஒரு பானையின் மூடியைத் திறந்தார். "சூடா இருக்கே டீச்சர்?"

"இப்பத்தான் கழிவாச்சு சார்."

"தரம் பார்க்கணும்" என்று உட்கார்ந்தார். டிரைவரும் பார்த்தார். நஜாத் பார்த்தார். நானும் ரெண்டு தட்டு பார்த்தேன்.

"சரி, மூணு மாசமாச்சே. உரம் எங்கே?"

நஜாத்தின் முகம் வெளுத்தது. நான் மதிலுக்கு வெளியே ஓடி, சுல்தானாவின் பின்னால் காய்ந்து கிடந்ததை ஒரு வாளி அள்ளி வந்தேன்.

முந்திர் கிள்ளிப் பார்த்தார். மோந்தார். "அடடா! உருண்டை உருண்டையா! எந்த மெஷின்யா இது?"

"உள்ளூர்த் தயாரிப்பு சார்." சமயம் பார்த்துக் கேட்டேன்: "இனி ஆட்டை உள்ளே விடலாமா?"

"ஆடா? விட்டா எல்லாத்தையும் தின்னுடும்யா!" பானையின் அடியை வழித்துக்கொண்டே சொன்னார்.

உரத்துக்காக மாவட்டத்தில் முதல் பரிசு எங்களுக்குத்தான். இப்போது வியாழன்தோறும் தரம் பார்க்க வருகிறார்.

சான்றிதழை வாசலில் மாட்டச் சொன்னார் நஜாத். ஆணி எடுக்கப் போன நேரத்தில் சுல்தானா அதைத் தின்றுவிட்டது. பரவாயில்லை. வீட்டு ரோஜாவுக்கு ஒரு மூட்டை உரம் வேண்டுமாம் முந்திருக்கு. சான்றிதழ் அவரிடமே போய்ச் சேரும்.