‘பரவாயில்லை’ குழுவினரின் பணிவு

உலகில் எத்தனையோ இசைக்குழுக்கள் புகழை நாடித் தோன்றியிருக்கின்றன. தம்மை எவரும் பாராட்டிவிடக் கூடாது என்ற உயரிய இலட்சியத்துடன் தோன்றியது, மெல்பர்ன் நகரின் பிரன்ஸ்விக்கில், ஒரு வாடகை வீட்டின் கார் கொட்டகையில் பிறந்த ‘பரவாயில்லை’ ஒன்றே.

முதலாண்டில் ஏழு கூட்டங்கள் நடைபெற்றன. இசை என்னும் பொருள் எட்டாவது கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில்தான் இடம்பெற்றது. முதல் நான்கும் பெயர் சூட்டுவதற்கே போதவில்லை. டிரம் வாசிக்கும் இமோஜன், ‘நல்லாயிருக்கு’ என்றொரு பெயரை முன்மொழிந்தாள். பாடகர் ஃபெர்கஸ் அவர்கள், ரொட்டியில் மடித்த சாசேஜைக் கீழே வைத்துவிட்டார்.

“நம்மள நாமே தூக்கி வச்சுக்கணுமா இம்மி? ஊரே சிரிக்கும்.”

“பேருதானப்பா?”

“இன்னிக்குப் பேரு. நாளைக்குப் போஸ்டர்ல உன் மூஞ்சி. அப்புறம் எங்களையெல்லாம் யாருன்னு கேப்ப.”

ஃபெர்கஸ் அவர்களின் எளிமை தனியே குறிப்பிடத்தக்கது. தந்தையார் பெரிய வழக்கறிஞர். ஆயினும் மகனார் புதுச் சட்டையைக் கல்லில் தேய்த்து, முழங்கையில் கிழித்த பிறகே அணிவார்.

ஐந்தாம் கூட்டத்தில் ‘தனிநபர் முன்னிலைத் தவிர்ப்பு’த் தீர்மானம் நிறைவேறியது. எந்தப் பாடலிலும் எழுதியவர் பெயர் இராது. எல்லாமே குழுவின் பாடல்கள். இமோஜனும் கை தூக்கினாள். அப்போது அவளிடம் பாடல் எதுவும் இல்லை.

பின்னர், பேக்கரியில் ‘பை’ எனப்படும் இறைச்சிப் பணியாரங்களை அடுக்கும் வேலைக்கு நடுவே, சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் ஒன்று எழுதினாள். குளிர்காலத்தில் வற்றிக் கிடக்கும் நீச்சல் குளத்தைப் பற்றியது. அதில் அவளுக்கு நீந்தக் கற்றுத்தந்த அப்பா, அதே ஆண்டு லாரியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர். முகவரி இல்லை. ஒத்திகையில் ஃபெர்கஸ் பாடிய அந்தப் பாடலின் பதிவை, ‘எழுதியது: இமோஜன் ட்ரெலோர்’ என்று குறித்து, நாடு முழுவதும் ஒலிக்கும் வானொலிக்கு அனுப்பிவிட்டாள்.

வானொலியார் மகிழ்ந்தனர். கோடை விழாவில் பாட வருமாறும், அது நேரடியாக ஒலிபரப்பாகும் என்றும் தெரிவித்தனர். அதிர்ச்சியுற்ற குழு அவசரக் கூட்டம் கூடியது.

“உன்னை யாரும் குத்தம் சொல்லல இம்மி,” என்றாள் பேஸ் கித்தார் வாசிக்கும் சாஸ்கியா. “ஆனா நீ பண்ணது ரொம்பப் பெரிய குத்தம்.”

“அவங்களுக்குப் பிடிச்சிருக்கே!”

“அதான் பிரச்சினையே. பேரு வேற போட்டிருக்க!”

“எங்கப்பா லாரில ரேடியோ நிக்கவே நிக்காது. பேரச் சொன்னாத்தான் நான்னு அவருக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை சொன்னாப் போதும்.”

“மனசு வலிக்குது இம்மி,” என்றார் ஃபெர்கஸ், மனப்பூர்வமாக. “ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே.”

‘பேராசை’ என்ற குற்றச்சாட்டின் பேரில் இமோஜன் நீக்கப்பட்டாள். பாடல், தீர்மானப்படி, குழுவிடமே தங்கியது. வானொலியாரின் மனம் புண்படலாகாது என்ற ஒரே காரணத்துக்காக, வேறொரு டிரம் கலைஞரை அமர்த்திக்கொண்டு, குழுவினர் விழாவுக்குச் செல்ல இசைந்தனர்.

விழா நடந்த சனிக்கிழமை மதியம் பேக்கரியின் வானொலியில் பாடல் ஒலித்து முடிந்தது. கடற்கரையில் கூடியிருந்த இருபதாயிரம் பேரின் ஆரவாரம் அடங்கச் சற்று நேரமாயிற்று.

“அடேயப்பா! யாருப்பா இத எழுதினது?” என்று தொகுப்பாளர் நாடறியக் கேட்டார்.

இமோஜன் பணியாரத் தட்டைக் கீழே வைத்தாள்.

“யாரும் எழுதல மச்சி,” என்றது ஃபெர்கஸ் அவர்களின் கூச்சம் நிறைந்த குரல். “அதுவா வந்துச்சு. எங்க யாருக்குமே அதுல பெருமை கிடையாது.”

“என்ன பசங்கம்மா! துளி கர்வம் இருக்கா பாரு,” என்று நெகிழ்ந்தார், பணியாரத்துக்குக் காத்திருந்த முதியவர்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தம் பெயரைச் சொல்லக் கூசியவர்களை இந்நாடு முன்பே கண்டிருக்கிறது. எழுதியவள் பெயரைச் சொல்லவும் கூசும் அளவுக்குப் பணிவு முற்றியவர்களை அன்றுதான் கண்டது.