கந்தப்பன் போனில் ஒரு கல்யாணப் பாட்டு

"மாப்ள, ஒங்களுக்கு எப்ப கல்யாணம்?"

மனைவி செத்து ஒன்பதாம் நாளில் ஒரு மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? அதுவும் செத்தவளின் கூடப்பிறந்த அண்ணன் கேட்கலாமா? ஆனால் பூண்டுலோயா பழனியாண்டி கேட்டார்.

கந்தப்பன் தண்ணீர்த் தொட்டிக் கட்டின் மேல் நின்றபடி போனை மறு காதுக்கு மாற்றிப் பார்த்தார். அந்தக் காதிலும் அதே கேள்விதான் கேட்டது.

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"நான் சொல்லல மாப்ள, ஒங்க போன்தான் சொல்லுது. அடிச்சா மணிச் சத்தம் வரல. மேளம், நாதஸ்வரம், தப்பு. 'மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்க'ன்னு ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துறான். முப்பத்திரண்டு வருசமா நாந்தான் ஒங்கள மாப்பிள்ளைன்னு கூப்பிட்டேன். இப்ப புதுசா யாருக்கு மாப்பிள்ளை ஆகப் போறீங்க?"

"மச்சான், எனக்கு ஒண்ணுமே கேக்கலையே."

"கேக்காது. கல்யாணக் கனவுல இருக்கிறவனுக்கு எது கேக்கும்? கருமாதிக்கு நான் வரணுமா, இல்ல உருமால் கட்டப் புது மச்சான் வருவாரா?"

போன் அறுந்தது.

பிள்ளையில்லாத வீடு. அம்மாக்கண்ணுவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர்தான். பதினாறாம் நாள், காரியம் செய்தவர் தலையில் பெண்ணின் பிறந்த வீட்டார் உருமால் துண்டைக் கட்டினால்தான் கருமாதி முடியும். பிறந்த வீடு என்று மிச்சம் இருந்ததே பழனியாண்டி ஒருவர்தான். அவர் வராவிட்டால் அவளுடைய காரியம் பாதியில் நிற்கும்.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் தொட்டிக் கட்டின் மேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். 'நாடெங்கும் எங்கள் சேவை' என்று கம்பெனி ராகலை டவுனில் பெரிய பலகை வைத்திருந்தது. தொட்டிக் கட்டு நாட்டுக்குள் இருந்தது. அதற்கு இருபதடி கீழே வரிசை வீடுகளாக இருந்த லயம் எந்த நாட்டில் இருக்கிறது என்று கம்பெனியும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வாரமும் கந்தப்பன் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை முடிந்ததும் நேரே இந்தக் கட்டுக்குத்தான் வருவார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக் காளியாயியின் போனை வாங்கி, அம்மாக்கண்ணு நாலரைக்கு அடிப்பாள். அவளைக் காக்க வைக்கக் கூடாதென்று போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, அது அதிர்ந்ததும் எடுத்துவிடுவார்.

"ஏங்க, இவ்வளவு அவசரமா எடுக்கணுமா? மெதுவா எடுத்தா என்ன? நான் எங்க ஓடியா போயிறப் போறேன்?" என்று அவள் சிடுசிடுப்பாள். பாசி பிடித்த தொட்டிக் கட்டின் மேல் ஓடி விழுந்துவிடப் போகிறாரே என்ற பயம் என்று கந்தப்பன் நினைத்துக்கொள்வார். மச்சான் இன்று அடிக்கும் வரை அந்தப் போனுக்கு அவளையும், விளம்பரம் சொல்ல அழைக்கும் கம்பெனியையும் தவிர வேறு யாரும் அடித்ததில்லை.

தொட்டிக் கட்டை விட்டு இறங்கி, நேரே அடுத்த காம்பரா வீட்டுச் செல்லசாமியிடம் போனார். தோட்டத்தில் யாருக்கு என்ன குறும்பு நடந்தாலும் முதலில் சந்தேகிக்கப்படுகிற ஆள் செல்லசாமி.

"டேய், எம் போன்ல பாட்டு வச்சியா?"

"ஐயோ அண்ணே! அக்கா செத்த வீட்டுல வெளையாடுவேனா? வாங்க, என்னன்னு பாப்போம்."

இருவரும் மேலே ஏறினார்கள். செல்லசாமி தன் போனிலிருந்து அடித்தான். முகம் மலர்ந்தது.

"அண்ணே, நல்ல பாட்டுண்ணே!"

"எனக்கும் கேக்குற மாதிரி வையேன்டா."

ஸ்பீக்கரைப் போட்டான். சீன போன். சத்தத்தில் குறை வைக்காது. தப்பு அதிர்ந்தது. 'மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்க!' கீழே லயத்தில் கதவுகள் திறந்தன. துக்கத்துக்காக ஒன்பது நாளாக வானொலியை மூடி வைத்திருந்த இருபது குடும்பங்கள், துக்க வீட்டுக்காரரே மலை மேல் கல்யாணப் பாட்டு வைத்துக் கேட்பதை அண்ணாந்து பார்த்தன.

"அமத்துடா!"

"அமத்துறேன்ணே. ஆனா அந்தத் தப்பு அடி இருக்கே..."

மறுநாள் கந்தப்பன் கம்பெனிக்கு அடித்தார். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அழுத்தினார். "உங்கள் அழைப்பு எமக்கு மிகவும் பெறுமதியானது" என்றது ஒரு குரல். உண்மைதான். நிமிடத்துக்கு நிமிடம் அந்தப் பெறுமதியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் கழித்து ஒருவர் வந்து "பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் காத்திருக்கச் சொன்னார். இரண்டை அழுத்தியதற்கு அதுதான் பலன். அதன் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம். நான் நிரூபா. தங்களுக்கு எவ்விதத்தில் உதவலாம்?"

செய்தி வாசிப்பவரிடம் பேசுவது போலிருந்தது. கந்தப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கச்சி, எம் பொஞ்சாதி செத்துப்போயிட்டாங்க."

"எம்மைத் தொடர்பு கொண்டமைக்கு நன்றி ஐயா. தங்கள் பிரச்சினை என்ன?"

"அதான் தங்கச்சி பிரச்சினை. வீட்டுல துக்கம். போன் அடிக்கிறவங்களுக்குக் கல்யாணப் பாட்டு கேக்குது. நான் அத வைக்கல."

தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"அது தங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்ட பாடல் ஐயா. மே பதினோராம் திகதி தாங்களே ஒன்றை அழுத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்."

கந்தப்பனுக்கு ஞாபகம் வந்தது. தமிழ்ப் பத்திரிகையை விளம்பரம் வரை விடாமல் வாசிக்கிறவர் அவர், ஆனால் ஆங்கிலம் தெரியாது. அன்றைக்கு ஆங்கிலத்தில் ஏதோ குறுஞ்செய்தி வந்தது, அதில் 1 என்ற எண் மட்டும் புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது கேட்கிறார்களோ என்று பயந்துபோய் அழுத்தச் சொன்னதை அழுத்தினார். அந்த ஆறு வாரமும் யார் எங்கே கைநாட்டு வைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பார்.

"யாரு தங்கச்சி அனுப்புனது?"

"அனுப்பியவரின் அந்தரங்கத்தைப் பாதுகாப்பது எமது கடமை ஐயா."

"என் மானத்தப் பாதுகாக்கிறது யாரு கடமை?"

"அதற்கு ஒன்பதை அழுத்துங்கள் ஐயா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். நல்லவேளை, அவள் சொல்லவில்லை. "தங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துள்ளேன். எழுபத்திரண்டு மணித்தியாலத்தில் நீக்கப்படும். வேறு ஏதேனும் உதவி?" என்றாள்.

நீக்குகிற வரைக்கும் வாடிக்கையாளர் வெறுமையாக இருக்கக் கூடாதென்று, கம்பெனி அந்த மாதத்து இலவசப் பாட்டை அவர் போனில் ஏற்றி வைக்கும் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் பழனியாண்டி அடித்தார். கந்தப்பன் உற்சாகமாக எடுத்தார்.

"மச்சான், இப்ப சரியா?"

"வேகந்தான் மாப்ள. அன்னைக்குக் கல்யாணம். இன்னைக்குத் தாலாட்டு. பிள்ளை சிரிக்கிற சத்தங்கூட வருது. எந்தங்கச்சி முப்பத்திரண்டு வருசம் கோயில் கோயிலா ஏறி எறங்குனா. ஒங்களுக்கு மூணு நாளு போதுமா இருக்கு!"

போன் மறுபடி அறுந்தது. அதன் பிறகு எத்தனை முறை அடித்தும் அவர் எடுக்கவில்லை. எடுக்காதவர் போனில் மணிச் சத்தம் மட்டும் ஒழுங்காக, மரியாதையாகக் கேட்டது.

பதின்மூன்றாம் நாள் கந்தப்பன் ராகலைக்கு பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கொமினிகேசன் என்று போன் கடை வைத்திருக்கும் ஜெயந்தினி போனை வாங்கி, இரண்டு கட்டை விரலாலும் படபடவென்று தட்டினாள்.

"மாமா, தாலாட்ட எடுக்கவா? வேற வைக்கவா? புதுசா நாய் கொலைக்கிற மாதிரி ஒண்ணு வந்திருக்கு."

"ஆத்தா, எனக்குப் பாட்டே வேணாம். பழைய காலத்துப் போன் மாதிரி க்ரிங் க்ரிங்னு அடிச்சாப் போதும்."

"இதுக்குள்ள ரெண்டு பாட்டு இருக்கு மாமா. ஒண்ணு தாலாட்டு, ஒண்ணு கல்யாணம். கல்யாணப் பாட்ட இனிமே கம்பெனி குடுக்காதாம். அழிச்சா அழிச்சதுதான், திரும்பக் கெடைக்காது. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"திரும்பக் கெடைக்காதா?"

"கெடைக்கவே கெடைக்காது."

மனைவி செத்த பிறகு கந்தப்பன் சிரித்தது அப்போதுதான்.

"அப்ப மொதல்ல அத அழி."

ஜெயந்தினி தன் போனில் அடித்து அவர் காதில் வைத்தாள். க்ரிங், க்ரிங். எவ்வளவு கண்ணியமான சத்தம்! கந்தப்பன் அதை நான்கு தரம் அடிக்கச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் வேட்டியைக் கட்டிக்கொண்டு பூண்டுலோயாவுக்குப் போனார். பழனியாண்டி வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புள்ளைக்கு என்ன பேரு வச்சீங்க மாப்ள?"

கந்தப்பன் தன் போனை எடுத்து மச்சான் முன்னால் நீட்டினார். "அடிச்சுப் பாருங்க."

பழனியாண்டி தன் போனிலிருந்து அடித்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். வைத்துவிட்டு மறுபடி அடித்தார். ரொம்ப நேரம் கேட்டார்.

"வெறும் மணிதான் மாப்ள."

"வெறும் மணிதான் மச்சான். அம்மாக்கண்ணு மேல சத்தியமா, அந்தப் பாட்ட எந்தப் பாவி அனுப்புனான்னே தெரியாது. அந்த ஆளு மட்டும் எங் கையில கெடைச்சா..."

பழனியாண்டியின் கைகள் தளர்ந்தன. "உள்ள வாங்க. தேத்தண்ணி குடிங்க. ஞாயித்துக்கெழம விடியவே வந்துர்றேன்" என்றார்.

வந்தார். லயத்து முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. சடங்குக்கு இடைஞ்சல் வேண்டாமென்று கந்தப்பன் போனை மேலே தொட்டிக் கட்டின் மீதே வைத்துவிட்டு வந்திருந்தார். அம்மாக்கண்ணுவின் படத்துக்கு முன்னால் அவளுக்குப் பிடித்த பணியாரமும் ஒரு கோப்பை சாயத் தேநீரும் வைத்திருந்தார்கள். பழனியாண்டி வெள்ளைத் துண்டை விரித்து, கந்தப்பன் தலையில் சுற்றிக் கட்டினார். "மன்னிச்சிருங்க மாப்ள" என்று காதோடு சொன்னார். கந்தப்பன் தலையசைத்தார். பதினாறு நாளில் முதல் தடவையாக எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது. கம்பெனியை வென்ற மனிதனின் நிம்மதியோடு பந்திக்கு எழுந்தார்.

அப்போதுதான் படியேறி மூச்சு வாங்க ஒரு பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணுவுக்குப் பக்கத்துப் படுக்கையில் கிடந்த இறம்பொடைக் காளியாயி. கருமாதிக்கு அவளுக்கும் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

"வாங்கம்மா. ஏன் இவ்வளவு நேரம்?"

"வழி தெரியலண்ணே. கேக்கலாம்னு காலையில இருந்து ஒங்களுக்கு அடிச்சேன். வெறும் மணிச் சத்தம் கேட்டுச்சு. நம்பர் மாறிப் போச்சுன்னு வச்சுட்டேன். பாட்ட எடுத்துட்டீங்களா?"

கந்தப்பனின் கை தலையிலிருந்த உருமாலுக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும் அந்தப் பாட்டு?"

காளியாயி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"எம் போன்ல இருந்து அக்காதானண்ணே ஒங்களுக்கு அத அனுப்புனாங்க, தெனமும் நாலரைக்கு அதக் கேக்குறதுக்குன்னே எந்திரிச்சு உக்காருவாங்க, 'இந்த மனுசன் மொத மணியிலேயே எடுத்துர்றாரு, ஒரு நாளாவது மாப்பிள்ளைய முழுசா வர விடுறாரா பாரு'ன்னு திட்டிக்கிட்டே!"