கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம்

சிதம்பரம்,
12.6.2008

மரியாதைக்குரிய மச்சான் சபாபதி அவர்களுக்கு,

ராமாமிர்தம் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் தங்கை அமிர்தம் சௌக்கியம். நான் இல்லை. கடலூரில் மழை உண்டா?

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வந்து, தாய்மாமன் என்ற முறையில் என் மகள் இளமதிக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்து பீரோவில் கிடக்கிறது. அவளோ சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு படிக்கப் போகிறாளாம். அதில் சேர, பிறந்த ஊரின் சத்தங்களை மட்டும் பதிவு செய்து, வாத்தியமே இல்லாமல் மூன்று நிமிஷத்துக்கு இசை அமைத்து அனுப்ப வேண்டுமாம். இவள் நடராஜர் கோயிலையே எடுத்துக்கொண்டாள். துணைக்கு நான் எதற்கு என்று கேட்டதற்கு, "ரிடையர் ஆயி வீட்ல சும்மாதான உக்காந்திருக்கீங்க" என்றாள் உங்கள் தங்கை.

போன மாதம் மூன்று நாள் அலைந்தோம். முதல் நாள் கீழ சன்னதி. ஜனங்கள் செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம் வேண்டுமென்று இளமதி மைக்கை நீட்டினாளா, அங்கே செருப்பு பார்த்துக்கொள்கிற முத்தம்மாள் இது டி.வி. பேட்டி என்று முடிவு செய்து, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டதில் ஆரம்பித்து மருமகள் வரைக்கும் வந்து, "எப்ப போடுவாங்கம்மா?" என்று கேட்டுத்தான் நிறுத்தினாள். இரண்டாம் நாள் சிவகங்கைக் குளம், மீன்கள் பொரிக்கு வாய் திறக்கிற சத்தம் வேண்டுமாம், நான் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தேன் பாருங்கள், அந்தப் பேப்பர் கசங்கிய சத்தத்தில் மீனும் கேட்கவில்லை, குளமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள்தான் முக்கியம், சாயரட்சை தீபாராதனை மணி. தீட்சிதரிடம் சொல்லிவிட்டுத்தான் போனோம். கூட்டத்தில் அவளால் முன்னே போக முடியாமல் ரெக்கார்டரை என் கையில் கொடுத்து, "அப்பா, மூச்சு விடுங்க, பேச மட்டும் பேசாதீங்க" என்றாள். நான் பேசவில்லை மச்சான், சத்தியமாகப் பேசவில்லை. மணி அடித்ததும் கை தானாகப் போய்விட்டது. ஐம்பது வருஷப் பழக்கம். ரெக்கார்டரோடு சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பட், பட், பட். தாடை இரண்டு நாள் வீங்கியிருந்தது. மணியைக் காணோம், என் கன்னம்தான் கேட்டது.

மறுநாள் அனுப்பக் கடைசி நாள். வீடு வரும்வரை அவள் அந்தப் பதிவையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இசை கெட்டால் சென்னை கிடையாது, பெண் வீட்டோடு இருப்பாள். பெற்ற பெண் வாடி நிற்கும்போது இப்படிச் சந்தோஷப்பட்டோமே என்று அப்புறம் வெட்கமாகவும் இருந்தது.

விடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். பொரிப் பேப்பர் தூறல் மாதிரி சடசடக்கிறது, நடுநடுவே முத்தம்மாளின் "எப்ப போடுவாங்கம்மா?", இத்தனைக்கும் அடியில் தாளம், பட், பட், பட். "மணியைக் காணுமேம்மா" என்றேன். "மணி யார் போனாலும் கெடைக்கும்ப்பா. இந்தக் கன்னம் எனக்கு மட்டும்தான இருக்கு" என்றாள். அன்னைக்கே அனுப்பிட்டா மச்சான். நேத்து பதில் வந்துடுச்சு, எடுத்துக்கிட்டாங்களாம், திங்கக்கிழமை பஸ்ஸு.

அதான் சொல்றேன், நீங்க வந்து தடுக்கணும். நான் சொன்னா என் மூஞ்சியப் பாத்தே எதுக்குன்னு கண்டுபிடிச்சிடுவா.

உங்கள் பிள்ளைகளுக்குத் தில்லைக் கூத்தன் நல்ல புத்தியும், பெற்றவர் பக்கத்திலேயே உத்தியோகமும் அருளட்டும்.

இப்படிக்கு,
தெரியாமல் தாளம் போட்ட
ராமாமிர்தம்

பி.கு.: தபாலில் போடப் போகிற வழியில் கோயிலுக்குள் போனேன். மணி அடிச்சுது, கை கன்னத்துக்குப் போச்சு. மூணு தட்டு தட்டிட்டு அவ இசையில அடுத்து வர்ற சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நின்னேன். அது அவ கம்ப்யூட்டர்லதான் இருக்கு. மேலே எழுதினது ஒண்ணையும் அவகிட்ட சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமை வாங்க, வரும்போது உங்க பெரிய சூட்கேஸை எடுத்துக்கிட்டு வாங்க. எங்க வீட்டு சூட்கேஸுக்குப் பூட்டு சரியில்லை. நேத்து பதில் வந்ததும் நான்தான் உடைச்சு வெச்சேன்.